நாலு சதவீதக்காரி

பிப்ரவரி 3, செவ்வாய்

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் சரி, உங்கள் காலில் விழுகிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். நீங்கள் அம்மா என்றால் அப்பாவிடம் காட்டாதீர்கள். அப்பா என்றால் பெரியப்பாவிடம் காட்டாதீர்கள். நீங்கள் அப்பாவும் பெரியப்பாவும் என்றால்... அது நடக்காது. அவர்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று ஆறு வருஷம் ஆகிறது.

என் பெயர் சம்யுக்தா. ப்ளஸ் டூ, காமர்ஸ் குரூப். அடுத்த மாதம் பரிட்சை. எல்லோரும் நான் ரிவிஷன் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீடு ஒரே வீடுதான். நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் அப்பா, குழந்தைவேல். அந்தப் பக்கம் பெரியப்பா, நாச்சிமுத்து. இரண்டு கேட், இரண்டு துளசி மாடம். தண்ணீர்த் தொட்டி மட்டும் ஒன்று, ஏனென்றால் அதைப் பிரிக்கச் சொன்னால் கொத்தனார் சிரித்துவிட்டார். கம்பெனியும் ஒன்றுதான்: பாலாழி பம்ப்ஸ். பெரியப்பா சேர்மன், அப்பா எம்.டி.

தாத்தா சாகும் முன் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு நாற்பத்தெட்டு சதவீதம் எழுதிவிட்டு, மிச்சம் நாலை அப்போது தொட்டிலில் கிடந்த எனக்கு எழுதினார். பெரியப்பாவுக்குக் குழந்தை இல்லை. "ரெண்டு பேருக்கும் பொதுவான புள்ள, பொதுவான பங்கு" என்றாராம். பொதுவான பிள்ளைக்கு கார்டியன் அப்பா. ஆறு வருஷத்துக்கு முன்னால் புது ஷெட் கட்டலாமா என்று சண்டை வந்தபோது அப்பா என் நாலையும் சேர்த்து ஐம்பத்திரண்டாக்கி ஜெயித்துவிட்டார். "ஒரு பச்சப்புள்ள பேரை வெச்சு என்னைத் தோக்கடிச்சுட்டான்" என்று சொன்ன பெரியப்பா, அதற்கப்புறம் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் கம்பெனியின் போர்டு மீட்டிங் என்பது, நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு இந்த கேட்டிலிருந்து அந்த கேட்டுக்கு நடப்பது.

அப்பா சொல்வார்: "உங்க பெரியப்பனுக்கு இதெல்லாம் ஒரு எழவும் புரியாது. கையெழுத்த மட்டும் போடச் சொல்லு."

அந்தப் பக்கம் போய் நான் சொல்வேன்: "பெரிப்பா, அப்பா உங்களை ஒருக்கா நல்லா பாத்துடச் சொன்னாங்க."

பெரியப்பா சொல்வார்: "அந்த மேதாவி எழுதுனதுல நான் என்னத்தப் பாக்கறது?"

இந்தப் பக்கம் வந்து நான் சொல்வேன்: "நீங்க பாத்ததே போதும்னு சொல்லிட்டாங்கப்பா."

இது பொய் இல்லை. மொழிபெயர்ப்பு.

சரி, பயம் எதற்கு என்று சொல்கிறேன். இன்று காமர்ஸ் மிஸ், மைனர் பெயரில் உள்ள பங்குக்கு கார்டியன் கையெழுத்துப் போடலாம், பதினெட்டு முடிந்த நொடியில் அந்த அதிகாரம் போய்விடும் என்று சொன்னார். நான் பிறந்தது ஆவணி மாதம், அதாவது செப்டம்பர். ஆனால் ப்ரீ-கேஜியில் சேர்க்க மூன்று வயது நிரம்பவில்லை என்று அப்பாவும் பெரியப்பாவும் ஒரே ஸ்கூட்டரில் போய், யாரோ தெரிந்தவர் மூலமாக வேறு தேதியில் சர்டிபிகேட் வாங்கினார்கள். "சொல்றதே பொய்தான், நல்ல நாளாப் பாத்து சொல்லுவோம்" என்று பெரியப்பா பொங்கல் நாளைத் தேர்ந்தெடுத்தார்.

ஆக, பேப்பரில் எனக்குப் போன பொங்கலோடு பதினெட்டு முடிந்துவிட்டது. ஜனவரி கடைசியில் அப்பா எனக்காக இன்னொரு கையெழுத்துப் போட்டார். கம்பெனியை ஜப்பான்காரர்களுக்கு விற்கலாம் என்ற தீர்மானத்தில். மறுபடியும் ஐம்பத்திரண்டு.

இதற்கு ஜெயில் உண்டா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். "பரிட்சைல அதெல்லாம் வராது, உக்காரு" என்றார்.

பிப்ரவரி 5, வியாழன்

ஜப்பான்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒகினாமி என்று கம்பெனி. அவர்கள் பெரும்பங்கை வாங்கிக்கொண்டால் அவர்களுடைய பம்ப்புகளுக்கு மோட்டார் எல்லாம் இங்கேதான் செய்வார்களாம். வாங்காவிட்டால் அடுத்த வருஷம் ஃபேக்டரி ஓடாது என்று அப்பா அம்மாவிடம் சமையலறையில் சொன்னதை நான் கேட்கவில்லை. அதாவது, கேட்கக் கூடாது என்று கதவைச் சாத்தினார்கள்.

இரண்டு பேர். ஹயாசே என்பவர் பெரியவர், தலைமுடி வெள்ளி மாதிரி, பேசுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடித் திறக்கிறார். குசுமோட்டோ என்ற அக்கா வக்கீல், எப்போதும் லேப்டாப். இருவரும் இங்கிலீஷ் பேசுகிறார்கள், நம்மைப் போலவே நிறுத்தி நிறுத்தி.

இன்று மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மா பள்ளிப்பாளையம் சிக்கன் செய்திருந்தாள். ஹயாசே இரண்டாவது தடவை சோறு வாங்கினார். கை கழுவும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெரியம்மா குரல் கொடுத்தாள்: "சம்மூ! அவங்களுக்கு எலை போட்டாச்சுன்னு சொல்லு கண்ணு!"

அப்பா முகம் போன போக்கு! ஹயாசே குசுமோட்டோ அக்காவைப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். பிறகு இந்த கேட்டில் வெளியே போய், அந்த கேட்டில் உள்ளே நுழைந்து, இன்னொரு முழுச் சாப்பாடு சாப்பிட்டார். பெரியம்மா செய்திருந்ததும் பள்ளிப்பாளையம் சிக்கன்தான். அந்தப் பக்கம் வாசனை போனதும் போட்டிக்குச் செய்திருக்கிறாள்.

ஃபைல் வாங்கப் போனபோது பெரியப்பா கேட்டார்: "எந்தூட்டுக் கோழி நல்லாருந்துதாம்?"

"ரெண்டும் நல்லாருந்துதுன்னார்."

"வெவரமான ஆளு" என்றார் பெரியப்பா. பெரியப்பாவுக்கு இந்த விற்பனையே பிடிக்காது என்று அப்பா சொல்கிறார். ஆனால் ஒகினாமி கொடுத்த காலண்டரைப் பெரியப்பா பூஜை அறையில் மாட்டியிருக்கிறார்.

பிப்ரவரி 6, வெள்ளி

அக்கவுண்டன்சி டெஸ்ட். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை. எங்கள் வீட்டில் எது டேலி ஆகிறது?

பிப்ரவரி 7, சனி

நான் ஒரு முட்டாள்.

ஹயாசே காலையில் ஆடிட்டர் சபாபதி சாரிடம் கேட்டிருக்கிறார்: "சேர்மனை வீட்டில் பார்த்துவிட்டோம். எம்.டி.யையும் பார்த்துவிட்டோம். மூன்றாவது பங்குதாரரை எப்போது பார்க்கலாம்?"

"அது டியூஷன் போயிருக்குதுங்க" என்றாராம் சபாபதி சார்.

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஹயாசே சிரிக்கவில்லை. அவர்கள் ஊரில் ஒரு வழக்கமாம். மீட்டிங்குக்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போய்ப் பார்ப்பார்களாம். சபையில் சொல்லக் கூச்சப்படுவதை அங்கேயே கேட்டு முடித்துவிடுவார்களாம். அப்புறம் மீட்டிங்கில் டீ குடிக்கத்தான் நேரம் ஆகுமாம். யாரையாவது விட்டுவிட்டால் அந்த மீட்டிங் அரை மீட்டிங்தானாம்.

நான் டியூஷனிலிருந்து வந்தபோது முன்னறையில் இருவரும் எழுந்து நின்றார்கள். எனக்காக! ஹயாசே குனிந்து, தன் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டேன். குசுமோட்டோ அக்காவும் நீட்டினாள். வாங்கிக்கொண்டு சும்மா நிற்க வெட்கமாக இருந்தது. என்னிடம் என்ன கார்டு இருக்கிறது? கழுத்தில் தொங்கிய ஸ்கூல் ஐடி கார்டைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டிவிட்டேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஹயாசே மட்டும் அதை அவ்வளவு மரியாதையாகப் படித்தார். பெயர், வகுப்பு, பிறந்த தேதி, ரத்த வகை வரைக்கும். "பி பாசிட்டிவ்" என்று தலையாட்டிவிட்டுக் குசுமோட்டோ அக்காவிடம் கொடுத்தார். அவள் கார்டைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். மறுபடி கார்டைப் பார்த்தாள்.

"உங்கள் பிறந்த நாள் எது?" என்று கேட்டாள்.

நான் என் வாயால் சொன்னேன், "எந்தப் பிறந்த நாள்?" என்று.

கிரைண்டர் ஓடும் சத்தம் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

அப்புறமும் ஹயாசே எழுந்து போகவில்லை. "இந்த விற்பனை பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று என்னிடம் கேட்டார். இத்தனை வருஷத்தில் இந்தக் கம்பெனி பற்றி யாரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

பிப்ரவரி 9, திங்கள்

ஜெயில் இல்லையாம். சபாபதி சார் சொல்லிவிட்டார். ஆனால்:

"பேப்பர்படி அம்மிணி பொங்கலுக்கே மேஜருங்க. அதுக்கப்பறம் நீங்க கார்டியனாப் போட்ட கையெழுத்து நிக்காதுங்க. ஜனவரித் தீர்மானமும் நிக்காதுங்க. ஒகினாமிக்காரங்களுக்கு மூணு பேர் கையெழுத்தும் வேணும். அம்மிணிதான் போடோணும்."

"இவளா?" என்றார் அப்பா. என்னை ஏதோ புதிதாக வாங்கிய மெஷினைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு என்னிடமே திரும்பினார். "போயி உங்க பெரியப்பன்ட்டச் சொல்லு. அவன் பாத்துக் குறிச்ச நல்ல நாளு இப்ப எங்க கொண்டாந்து நிறுத்தியிருக்குன்னு சொல்லு!"

போனேன். "பெரிப்பா, அன்னிக்கு ரெண்டு பேரும் ஸ்கூட்டர்ல போயி சர்டிபிகேட் வாங்குனதை அப்பா நெனச்சுப் பாத்தாங்க" என்றேன்.

"வண்டிய நாந்தான் ஓட்டுனேன். அவன் பின்னால உக்காந்து இவளை மடில வெச்சிருந்தான்" என்றார் பெரியம்மாவிடம். அப்புறம் நான் நிற்பது ஞாபகம் வந்து, "அவனுக்குக் கொழுப்புன்னு போய்ச் சொல்லு" என்றார்.

நான் திரும்பி வந்து சொன்னது: "பெரிப்பாவுக்கும் அது ஞாபகம் இருக்காம்."

பிப்ரவரி 11, புதன்

அப்பா பத்திரத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொண்டுவந்தார். "குறி இருக்கற எடத்துல எல்லாம் போடு கண்ணு. படிக்கறதெல்லாம் அப்பறம்." அம்மா எப்போதும் அப்படித்தான் போடுவாள்.

நான் பேனாவை மூடி வைத்தேன். சொல்லிவிட்டேன்:

"போடறேன்ப்பா. ஆனா நீங்களும் பெரிப்பாவும் நேருக்கு நேர் உக்காந்து பேசோணும். நடுவுல நான் இருக்க மாட்டேன்."

அப்பா முதலில் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார். "பரிட்சைக்குப் படிக்கற புள்ள பேசற பேச்சா இது? யாரு சொல்லிக் குடுத்தா? அவனா?"

அந்தப் பக்கம் போய் அதையே சொன்னேன். "யாரு சொல்லிக் குடுத்தா? அவனா?" என்றார் பெரியப்பா.

இரண்டு பேரும் வார்த்தை மாறாமல் ஒரே கேள்வி. அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

லஞ்சம் ஆரம்பித்துவிட்டது. காலையில் அப்பா: பரிட்சை முடிந்ததும் ஸ்கூட்டர். மதியம் பெரியம்மா மூலமாக மைசூர்பாகு. சாயங்காலம் பெரியப்பா: "உன்ற போன் டிஸ்பிளே ஒடஞ்சிருக்குதாட்டமே?" ஸ்கூட்டர் செய்தி எப்படிச் சுவரைத் தாண்டியது என்று தெரியவில்லை.

ஸ்கூட்டர் நீலக் கலர் என்று சொல்லிவிட்டேன். போனுக்கு மாடல் எழுதிக் கொடுத்துவிட்டேன். மைசூர்பாகு தீர்ந்துவிட்டது. நிபந்தனையை மட்டும் மாற்றவில்லை.

பிப்ரவரி 14, சனி

ஹயாசே செய்த வேலையைக் கேளுங்கள்.

நேற்று ஃபேக்டரியில் என்னைப் பார்த்து, யோசித்தாயிற்றா என்று கேட்டார். சொன்னேன். கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை, தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு, "நியாயமான நிபந்தனை. சேர்மனும் எம்.டி.யும் பேசாத கம்பெனியை நானும் வாங்க முடியாது" என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரிடமும் நைசாகச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

இன்று காலை எல்லோருக்கும் மெயில் வந்தது. திங்கட்கிழமை மீட்டிங், நிகழ்ச்சி நிரல்:

ஒன்று: சேர்மனும் நிர்வாக இயக்குநரும் ஒருவரோடு ஒருவர் நேரில் பேசுதல்.
இரண்டு: பங்கு விற்பனை.

முதலாவது நடக்காவிட்டால் இரண்டாவது எடுத்துக்கொள்ளப்படாதாம். கீழே 'நகல்' என்று போட்டு, டோக்கியோ ஆபீஸில் இருக்கும் ஒரு கூட்டத்தின் பெயர்களே இருந்தன.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஊருக்குத் தெரிஞ்சாலே மானம் போவும். இப்ப நாடு தாண்டிப் போயிருச்சேங்க!"

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா: "டோக்கியோவுல எத்தன பேரு படிச்சிருப்பாங்களோ!"

அம்மாவும் பெரியம்மாவும் இவ்வளவு நேரம் ஒரே விஷயத்தைச் சுவர் வழியாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கடைசியில் தயிர் பற்றியெல்லாம் பேசினார்கள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து மாடியில் தனியாக ஒரு சுற்று ஆடினேன். ஆடி முடித்து உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது.

அவர்கள் நேரில் பேசினால், நான் சொன்னதெல்லாம் வெளியே வந்துவிடும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

நாளைக்கு மீட்டிங். ஹயாசேக்கு நாளை மாலை விமானம். கையெழுத்தோடு போவார், அல்லது சும்மா போவார்.

நான் மொழிபெயர்த்த எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். சின்னச் சின்னது பரவாயில்லை. தீபாவளிக்குப் பெரியப்பா சொல்லாத வாழ்த்து. புது ஷெட்டுக்கு அப்பா கேட்காத மன்னிப்பு. "தம்பி இளைச்சுட்டானே" என்று பெரியப்பா சொன்னதாக நான் சொன்னது. அவர் சொன்னது வேறு, அதை எழுத முடியாது.

ஆனால் ஒன்று பெரிது. போன நவம்பரில் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பா வரவில்லை. அம்மாவையும் என்னையும் அனுப்பிவிட்டு ஃபேக்டரிக்குப் போய்விட்டார். கட்டிலில் படுத்துக்கொண்டு பெரியப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. காதோரம் போய்ச் சொல்லிவிட்டேன்: "அப்பா கீழ கார்ல உக்காந்து அழுதுட்டிருக்காங்க பெரிப்பா. மேல வர தைரியம் இல்லையாம்."

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு, "போச்சாது, வுடு, அழுவ வேண்டாம்னு சொல்லு" என்றார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? அப்பாதான் அங்கே இல்லையே.

அது மொழிபெயர்ப்பு இல்லை. அது முழுப் பொய். நாளைக்குப் பெரியப்பா அதைக் கேட்டால், அப்பா, "நான் எப்ப வந்தேன்?" என்பார். அவ்வளவுதான். இன்னொரு சுவர். இந்தத் தடவை தண்ணீர்த் தொட்டியையும் பிரித்துவிடுவார்கள். ஃபேக்டரியும் போகும். எல்லாம் ஒரு நாலு சதவீதக்காரியின் வாயால்.

காலையில் காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? ஹயாசே வீட்டுக்கே வந்து தெர்மாமீட்டரையும் இரண்டு கையால் வாங்கிப் படிப்பார்.

கேட் சத்தம். இந்த நேரத்தில் யார்? எங்கள் கேட் கிறீச்சிடாது. கிறீச்சிடுவது பெரியப்பா கேட். இப்போது எங்கள் கேட்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஒரு ஆள் இல்லை.

எழுதிக்கொண்டே கேட்கிறேன்.

"மெல்ல ஏறுங்ண்ணா. நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சுட்டு..."

"எனக்குப் படி ஏறச் சொல்லிக் குடுக்கறயா? நாளைக்கு அந்தச் சப்பான்காரன் முன்னால பேசி மானத்தை வாங்கறதுக்கு, இன்னிக்கே இவ முன்னாலயே பேசிட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன்."

"நான் வர்றதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

"நீ எங்க வர்றது? ஆஸ்பத்திரிக்கே வராதவன். கீழ கார்ல உக்காந்து அழுதியாமா?"

வந்துவிட்டது, அந்தப் பொய்.

அப்பாவின் செருப்பு ஒரு படியிலேயே நின்றுவிட்டது. படிக்கட்டில் விளக்கு எரிவது கதவிடுக்கில் தெரிகிறது. இன்னும் ஏறவில்லை. இன்னும்.

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. அழுதியா, இல்லியா?"

"அன்னிக்கு நல்ல மழைங்ண்ணா. வைப்பர் வேற ஓடலை. அதான் வண்டிக்குள்ளயே இருந்துட்டேன்."

மழையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவே இல்லையே. அப்படியென்றால் அப்பா அன்றைக்கு நிஜமாகவே கீழே இருந்தாரா?

"ஏன்டா, நீ அங்க இருந்தது இவளுக்கு எப்படிரா தெரியும்?"

"அதேதான் நானும் கேக்கறேன். ஏனுங்ண்ணா, நான் இளைச்சுட்டேன்னு நீங்க சொன்னீங்களா?"

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"அப்ப தீபாவளிக்கு வாழ்த்துச் சொன்னது?"

"ஷெட்டுக்கு நீ மன்னிப்புக் கேட்டது?"

இரண்டு பேரும் சிரிக்கிறார்களா, கோபமா? கதவு தடுக்கிறது, தெரியவில்லை. கதவுக்கு நேர் வெளியே வந்துவிட்டார்கள்.

"தட்டுடா."

"நீங்க தட்டுங்க. மூத்தவரு நீங்கதான்."

"எம்.டி. நீதான?"

"சேர்மன் நீங்க. நீங்கதான் தட்டோணும்."

தட்டிவிட்டார்கள், நோட்டை மூடுகிறேன்.